சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை

நான் காலை நீட்டிப் படுத்தால் தலை சுவரில் இடிக்கும், பாதம் கதவில் இடிக்கும். பதினான்கு வயதில் வந்தபோது அப்படி இடிக்கவில்லை. நான் வளர்ந்தேன், அறை வளரவில்லை.

அந்தக் காலத்தில் சியோல் நகரத்தில் அடுக்குமாடி வீடு கட்டினால் சமையலறைக்குப் பின்னால் இப்படி ஓர் அறை வைத்துத்தான் கட்டினார்கள். வேலைக்காரப் பெண்ணுக்கு. வீட்டின் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும், குளிர்காலத்தில் உள்ளே வெறுங்காலோடு நடக்கலாம். அந்தக் குழாய் என் வாசலோடு நின்றுவிடும். கட்டடத்துக்குப் படம் போட்டவர் படித்தவர்தான். எங்கே நிறுத்த வேண்டுமென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

என் பெயர் யாங்-ரே. தெற்கே ஜொல்லா பக்கத்துக் கிராமத்துக்காரி. ஊரில் தம்பி படிக்க வேண்டும், அதனால் நான் பியோ குடும்பத்து வீட்டுக்கு வேலைக்கு வந்தேன். வீட்டு அம்மா, கம்பெனிக்குப் போகிற அய்யா, ஒரே மகள் ஹே-ரிம். அவளுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. என் முதுகில் கட்டிக்கொண்டுதான் துணி துவைப்பேன், சோறு வடிப்பேன். அவள் முதல் பேச்சு என் தோளில்தான் வந்தது.

அதே கட்டடத்தில் என்னைப்போல் எத்தனையோ பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொருத்தியாகக் கிளம்பினார்கள். ஒருத்தி தையல் ஆலைக்கு, ஒருத்தி பஸ் கண்டக்டர் வேலைக்கு, ஒருத்தி கல்யாணமாகி. அவர்கள் விட்டுப்போன அறைகளில் முதலில் பழைய பேப்பர் குடியேறியது, பிறகு சைக்கிள், பிறகு கிம்ச்சி ஊறுகாய்க்கென்றே வாங்கிய தனி ஃப்ரிட்ஜ். எதிர்வீட்டில் சுவரையே இடித்துவிட்டுச் சாப்பாட்டு மேசை போட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது அறையாகவே இருந்தது, உள்ளே நான் இருந்ததால்.

எனக்கும் ஒரு வரன் வந்தது, லாரி டிரைவர். அந்த வாரம் பார்த்து ஹே-ரிமுக்கு அம்மை போட்டது. அவ்வளவுதான் கதை. அழுது மாளாது என்று அதை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டேன். அந்த ஆளுக்குக் காது இரண்டும் சிவப்பாக இருக்கும், அது மட்டும் மறக்கவில்லை.

வீட்டு அம்மாவுக்கு நான் கடைசிவரை "ஏ யாங்-ரே". ஹே-ரிமுக்குச் சின்ன வயதில் அக்கா. கல்யாணத்துக்குப் பிறகும் அதே வீட்டில் இருந்த அவளுக்கு மகன் பிறந்து, அவன் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்ததும் அவளும் சித்தி என்றாள். கூப்பிடுவதில் எனக்கு நல்ல பதவி உயர்வு.

அய்யா முதலில் போனார். பிறகு ஆஸ்பத்திரியில் அம்மாவும் போகிற நிலைக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"நம்ம கட்டடத்த இடிச்சிட்டுப் புதுசு கட்டப்போறாங்கல்ல. அதுல யாங்-ரேக்கு ஒரு ரூம் குடுத்துடு."

"குடுக்காம என்னம்மா," என்றாள் ஹே-ரிம்.

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பிடித்துக்கொள்ள வேறென்ன இருந்தது? தம்பி படித்தான், வேலைக்குப் போனான், செத்தும் போனான். அவன் பெண்டாட்டிக்கு என் முகம்கூடத் தெரியாது.

புது வீடு எப்படி இருக்கும் என்று காட்ட, கட்டுகிறவர்கள் ஒரு மாதிரி வீட்டைச் செய்து வைத்திருந்தார்கள். ஹே-ரிம் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் கொடுத்த துணிச் செருப்பைப் போட்டுக்கொண்டோம். எல்லாரும் சமையலறைக் கல்லைத் தடவிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறைக்குப் பின்னால் போனேன். வேறெங்கே போவேன்?

தள்ளு கதவு ஒன்று இருந்தது. திறந்தேன். வெள்ளையாக ஒரு குட்டி அறை. போட்டிருந்த கோட்டோடு அப்படியே தரையில் படுத்தேன். தலை சுவரில் இடித்தது, பாதம் கதவில் இடித்தது. சிரிப்பு வந்துவிட்டது.

"சித்தி! எந்திரி. எல்லாரும் பாக்குறாங்க."

"அளந்து பாக்குறேன்டி. கரெக்டா இருக்கு."

சுற்றிக் காட்டுகிற பெண் ஓடி வந்தாள். காதில் மைக், முகத்தில் சிரிப்பு. "அம்மா, மயக்கமா வருதா?"

"அதெல்லாம் இல்ல. இங்க தரை சூடாகுமா?"

"ஆமாம்மா. எல்லா ரூமுக்கும் குழாய் வருது."

ஒருவழியாகக் குழாய் உள்ளே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்த ரூம அவங்கவங்க இஷ்டத்துக்கு வச்சுக்கலாம்மா," என்றாள் அந்தப் பெண். "துணி காயவைக்கிற மெஷின் வைக்கலாம், ஒயின் அடுக்கலாம். நாய் வளக்குறவங்க நாய்க்குக் குடுக்குறாங்க."

"நாய்க்குமா சூடு வரும்?"

"இந்த ரூம் சூட்டத் தனியாவே கூட்டிக் குறைக்கலாம்மா!"

ஹே-ரிமும் ஒரு நாய் வளர்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"பாக்கலாம் சித்தி. கட்டி முடிக்க இன்னும் எவ்வளவோ வருஷம் கிடக்கு." பிறகு வெளியே மேசைமேல் இருந்த பொம்மைக் கட்டடங்கள் பக்கம் என்னைக் கூட்டிப்போனாள். ரோட்டோரமாகத் தள்ளி நின்ற ஒன்றைக் காட்டினாள். "அதுல சின்னச் சின்ன வீடு, வாடகைக்கு. வயசானவங்களுக்குக் குடுப்பாங்களாம். உனக்குன்னு தனியா. நல்லாருக்கும்ல?"

"மத்ததெல்லாம் உள்பக்கம் பாத்திருக்கு. இதுக்கு மட்டும் ஏன்டி வாசல் ரோட்டுப் பக்கம்?"

மைக் மாட்டிய பெண் நீச்சல் குளத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள்.

காலி செய்யும் நாள் வந்தது. ஏணி பொருத்திய லாரி வந்து மாடி ஜன்னல்வரை ஏணியை நீட்டி மேசை, கட்டில், அலமாரி எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு போனது. கட்டி முடிகிறவரை அவர்கள் தங்குவதற்கு எடுத்திருந்த வீடு சின்னது என்று கேள்விப்பட்டேன். நான் பார்க்கவில்லை.

"ரெண்டு நாள் இருந்து வீட்டப் பெருக்கிட்டு இரு சித்தி. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"இடிக்கப்போற வீட்ட எதுக்குடி பெருக்கணும்?"

"அம்மா இருந்த வீடு. அப்படியே போட்டுட்டுப் போக மனசு வரல."

பெருக்கினேன். துடைக்கவும் செய்தேன். இரண்டு நாள் ஆனது, அதற்கு மேலும் ஆனது. கேஸை நிறுத்தினார்கள், கரண்ட்டை நிறுத்தினார்கள். போன் செய்தேன், எடுக்கவில்லை. சாமான் அடுக்குகிற வேலை இருக்கும், பாவம் என்று நினைத்தேன். பிறகு என் போனும் செத்துவிட்டது. கடையில் வாங்கிய கிம்பாப் சோற்றுச் சுருளைக் குளிர்ந்தபடியே தின்றேன். படுக்கையறைகள் எல்லாம் காலியாகத்தான் கிடந்தன. ஆனாலும் என் அறையில்தான் படுத்தேன், இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு.

ஒரு காலையில் வாசலில் சாவி போடும் சத்தம் கேட்டது. ஹே-ரிம் என்று எழுந்தேன். பூட்ஸ் சத்தம். இடிக்கிற கம்பெனி ஆள் ஒருவன் ஹாலைப் பார்த்தான், படுக்கையறைகளைப் பார்த்தான், சமையலறை வரை வந்தான். "முந்நூத்தி ரெண்டாம் நம்பர் வீடு காலி!" என்று கத்தினான். என் கதவை அவன் திறக்கவில்லை. நானே திறந்தேன்.

"ஐயோ!" என்று பின்னால் சாய்ந்தான். கையில், காலியான வீட்டுக் கதவில் எழுதுகிற சிவப்புப் பெயின்ட் டப்பா. "யாரும்மா நீங்க? வீட்டுக்காரங்களா?"

இத்தனை வருஷத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"சமையல்கட்டுக்குப் பின்னால இருக்கிறவ."

அவனுக்கு என்ன புரிந்ததோ. ஒரு கையில் டப்பா, மறு கையில் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"முந்நூத்தி ரெண்டு தானுங்களா? வீடு காலின்னு சாவி குடுத்திருக்கீங்க. உள்ள இன்னும் யாராவது இருக்காங்களா?"

"இல்லைங்களே." ஹே-ரிமின் குரல். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம், நாய் குரைக்கும் சத்தம். "நாங்க எல்லாரும் வந்துட்டோம்."

அவள் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். சின்னதிலிருந்தே கடைசி வார்த்தையில் குரல் ஏறிவிடும். இதில் ஏறவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், என்னை மனதில் வைத்துக்கொண்டு மறைக்கிறாள் என்றாவது இருந்திருக்கும். அவள் உண்மையாகவே எண்ணிப் பார்த்துத்தான் சொன்னாள். எல்லாரும் வந்துவிட்டார்கள். எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.

சொல்லட்டுமா என்பதுபோல் அவன் போனையும் என்னையும் பார்த்தான். வேண்டாமென்று தலையாட்டினேன். அவன் வைத்துவிட்டான்.

"ஒரு வார்த்தை பேசியிருக்கலாமேம்மா."

"போர்வைய மடிச்சிட்டு வர்றேன். வெளிய நில்லுய்யா."

மடித்தேன். வீடு முழுக்கப் பெருக்கியிருந்தேன், என் அறையை மட்டும் பெருக்கவில்லை. அதையும் பெருக்கிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவன் கதவில் எழுதாமல் நின்றுகொண்டிருந்தான்.

"போறதுக்கு எடம் இருக்காம்மா?"

ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் சந்துகளில் ஒற்றை ஆளுக்கு மாத வாடகை அறைகள் உண்டு. ஜன்னல் வேண்டுமென்றால் வாடகை கூட. "படுத்துப் பாத்துட்டுத்தான் சொல்லணும்," என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

"நீங்க எறங்கிப் போங்க. அப்புறமா எழுதிக்கிறேன்."

"இப்பவே எழுதுய்யா. மேல இன்னும் எத்தன வீடு இருக்கு உனக்கு."

டப்பாவைக் குலுக்கிக் கதவு முழுக்க, பெரிதாக, காலி என்று எழுதினான். பெயின்ட் வழிந்து வாசல் தரையில் சொட்டியது. நான் பையிலிருந்து துணியை எடுத்துக் குனிந்து துடைக்க ஆரம்பித்தேன்.

"விடுங்கம்மா," என்றான் அவன். "இடிக்கப்போற வீடு."

அவன் சொன்னது பாதி துடைத்த பிறகுதான் காதில் விழுந்தது. மீதியையும் துடைத்துவிட்டு இறங்கினேன்.