காசிராஜன் கேட்டதும் நான் சொல்லாததும்

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. நியாயமாகப் பார்த்தால் அந்தக் கேள்வியோடே முடிந்திருக்க வேண்டும். நான் வாயைத் திறக்காததால் கதையாகிவிட்டது.

முதல் தொடக்கம்: கரிசல் காட்டில் மழை பெய்த மறுநாள்… (வேண்டாம். மழையில் தொடங்கினால் உண்மை சீக்கிரம் வந்துவிடும்.)

இரண்டாவது: கோவில்பட்டியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் காசிராஜன், எஞ்சினை நிறுத்திவிட்டு கியர் ஆயிலை அளந்தார். அவர் செய்த தப்பே அதுதா—

அடித்துவிட்டேன். அவர் முறைப்படி எஞ்சினை ஓடவிட்டுத்தான் அளந்தார். பழி போட ஆள் தேடியது நான்.

2

வண்டி என் அக்கா வேலுத்தாயுடையது. பதினெட்டு வருஷத்துப் பழைய கார், கிளச் இல்லாத ஆட்டோமேட்டிக். சின்ன வயதிலேயே போலியோவில் இடது கால் போனதால் அக்காவால் கிளச் மிதிக்க முடியாது. நாகலாபுரத்திலிருந்து பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய்வந்த காலத்தில், படியேற யாராவது தூக்கிவிட வேண்டும். டீச்சரைத் தூக்குவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த வண்டி நின்றால் மறுபடியும் அந்தப் படிதான்.

ஒரு வாரமாக மூன்றாவது கியர் விழத் தாமதமாகிறது. எஞ்சின் கத்துகிறது, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது.

3

சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். அக்கா ஓட்ட, பக்கத்தில் காசிராஜன், பின்னால் நான். நாலுவழிச் சாலையைக் கடக்கும்போது நட்டநடுவில் வண்டி நின்றுவிட்டது.

“மிதிக்கேன், போவமாட்டேங்கு அண்ணாச்சி!”

கயத்தாறு பக்கமிருந்து லாரி. ஹாரன் நிற்கவே இல்லை.

“காலை எடுங்க டீச்சர்! எடுத்துட்டு மெதுவா மிதிங்க!”

[லாரியை நெருக்கமாகக் கொண்டுவந்தால் வாசகர் பயப்படுவார் என்று யோசித்தேன். உண்மையிலேயே நெருக்கமாகத்தான் வந்தது.]

வண்டி ஒரு குலுக்கலோடு பிடித்துக்கொண்டது. ஓரம் கட்டியதும் காசிராஜன் ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தார்.

“கருகிப்போயிருக்கு. சமீபத்துல சேத்துல மாட்டுச்சா? முன்ன, பின்னன்னு கியரை மாத்திமாத்திப் போட்டு எடுத்தியளா? அப்படின்னா சூட்டுல ஆயில் கருகிருக்கும். ஆயிலும் பில்டரும் மாத்திப் பாக்கலாம். இல்லைன்னா உள்ள பிளேட்டு தேஞ்சிட்டு, திறக்கணும். திறந்தா இந்தப் பழைய வண்டிக்குச் சாமான் கெடைக்காது. திரும்ப ஓடுறது சந்தேகந்தான்.”

“சேறா? நான் தார்ரோட்டை விட்டு இறங்குறதே இல்லியே. போன வாரம் தம்பி கொண்டுபோனான். அவன் கழுவித் தொடைச்சுல்லா கொண்டாந்து விட்டான்.” அக்கா பெருமையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் சிரித்தேன்.

“அப்ப திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு கியர்பாக்ஸை இறக்கிருதேன்” என்றார் காசிராஜன்.

4

இங்கே தங்கசாமி என்றொரு நண்பனை நுழைத்துப் பார்த்தேன். அவன் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு குளத்தூர் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகிறான். குறுக்குவழி என்று மழையில் ஊறிய காட்டுப்பாதையில் இறக்கி, சக்கரம் புதைந்ததும், டிராக்டரை எடுக்கிற பழக்கத்தில் அரைமணி நேரம் முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கிறான். அப்பிய கரிசல் சேறு தெரியாமல் கழுவிக் கொண்டுவந்து விடுகிறான். ஆள் நம்பும்படியாக இல்லை. கழுவித் துடைக்கத் தெரிந்தவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டானா?

தங்கசாமி என்று யாரும் கிடையாது. நான்தான்.

5

முடிவு அ: கதைசொல்லி சாலையோரத்திலேயே ஒப்புக்கொள்கிறான். (நடக்கவில்லை.)

முடிவு ஆ: திறந்து பார்த்தால் பிளேட் பழசாகித்தான் தேய்ந்திருக்கிறது, அவன்மேல் தப்பே இல்லை. (இதை மூன்று முறை எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.)

இன்று திங்கள். மணி ஏழேகால். காசிராஜனிடம் மட்டும் சொல்லிவிட்டால் அக்காவுக்குத் தெரியாமலே காரியம் முடிந்துவிடும். அந்த ஆசை வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

இதை வேறு யாருக்கும் காட்டுவதற்கு முன் அக்காவுக்கு அனுப்புகிறேன். அக்கா, இதுவரை வாசித்துவிட்டாய் என்றால், என்னைத் திட்டுவதற்கு முன்னால் காசிராஜனைக் கூப்பிட்டு கியர்பாக்ஸை இறக்குவதை நிறுத்தச் சொல். பிறகு கதவைத் திற. நான் வாசலில்தான் நிற்கிறேன். நீ திறக்காவிட்டாலும்…