ஆரஞ்சுத் திரையில் அரபி

வஜ்தி சலாமூனியின் கணினி ரமலானுக்குக் கொஞ்சம் முன்னால் செத்துப்போனது. கைப்பிடி வைத்த பெட்டி போலத் தூக்கிக்கொண்டு போகலாம். மூடியைத் திறந்தால் திரை ஆரஞ்சு நிறத்தில் எரியும். அந்தக் காலத்தில் கப்பல் கம்பெனிக்காரர்கள் வைத்திருந்த வகை. அலெக்ஸாந்திரியாவில் இப்படியொன்று தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. மன்ஷிய்யாவில் நடத்திவந்த மூக்குக்கண்ணாடிக் கடையைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு பேசியதில்லை.

செத்ததுதான் செத்தது, நேரம் பார்த்துச் செத்தது. அந்த இயந்திரத்தில் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் அரபிப் பதிப்பு ஓடும், ஆனால் எழுத்து வராது. அலிஃப், லாம் எழுத்துகள் இருக்கவேண்டிய இடத்தில் புள்ளியும் கோடுமாகக் குப்பை வந்து நிற்கும். ஒரு குளிர்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டியதில் விஷயம் அவருக்குப் பிடிபட்டது. டாஸ் எழும்போது, நீ என்ன வகைத் திரை என்று இயந்திரத்தைக் கேட்கிறது. இயந்திரம் தப்பாகப் பதில் சொல்கிறது. டாஸ் முதலில் படிக்கும் சின்னக் கோப்பில், அரபியைக் கூப்பிடும் இடத்துக்கு முன்னால் ஒரே ஒரு வரி சேர்த்து அந்த வாயை அடைத்துவிட்டால் போதும். எழுத்தெல்லாம் கைகோத்துக்கொண்டு வலமிருந்து இடமாக ஓடிவரும். வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒருமுறை பார்த்தார். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் காட்டுவதாக இருந்தார். வியாழக்கிழமை திரை அணைந்தது. பிறகு எரியவேயில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் அத்தாரீனில், யுஸ்ரியின் டிவி ரிப்பேர் கடை மாடியில் நடக்கும். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பழைய கணினிப் பைத்தியங்கள் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துசேர்வார்கள். யுஸ்ரி தேநீர் போடுவார், யாராவது ஈரல் சாண்ட்விச் வாங்கி வருவார்கள். அங்கே வஜ்திக்கு ஜன்னலோர நாற்காலி. அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பெயர்.

ரமலானில் நோன்பு திறந்தபின் கூடிய ஒரு நாள், முஷீரா வந்தாள். இப்ராஹிமிய்யாவில் மருந்துக்கடை வைத்திருப்பவள், முப்பத்தைந்து வயது இருக்கலாம். மருந்துக்கடைக்காரர்களையும் அங்கே டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூடப்போன ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில், குப்பைக்குப் போடுவதாக இருந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன் என்று சொல்லி ஒரு பெட்டியை மேஜையில் வைத்துத் திறந்தாள். அதே ஆரஞ்சுத் திரை. ஒரு கீறல் இல்லை.

வஜ்திக்கு, தன்னுடையதைவிட அது பிரகாசமாக எரிவதுபோலப் பட்டது. நாற்காலிகள் ஒவ்வொன்றாக இழுபட்டு அவள் பக்கம் போயின. யுஸ்ரி முதல் தேநீரை அவளுக்குக் கொடுத்தார். எத்தனை வருடமாக முதல் தேநீர் யாருக்குப் போய்க்கொண்டிருந்தது என்று அந்த மனிதர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

அரபி வரவில்லை, குப்பையாக வருகிறது, யாருக்காவது தெரியுமா என்று முஷீரா பொதுவாகக் கேட்டாள். எல்லோரும் வஜ்தியைப் பார்த்தார்கள்.

"அந்தத் திரையில அரபி வராதும்மா. நானே பார்த்து ஓஞ்சுட்டேன். விட்டுருங்க" என்றார் வஜ்தி.

சொல்லும்வரை அப்படிச் சொல்லப்போவதாக அவருக்கே தெரியாது. சொன்னபிறகு திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவுமில்லை.

முஷீரா விடவில்லை. நோன்புப் பெருநாள் போய், கோடை போய், ஹஜ்ஜுப் பெருநாளும் போனது. கூட்டம் கூடும்போதெல்லாம் புதிதாக எதையாவது முயன்றுவிட்டு வந்து சொல்வாள். வேறு ப்ளாப்பி வட்டில் வேறு டாஸ் போட்டுப் பார்த்தேன், துனிஸில் ஒருவரைக் கேட்டேன், எழுத்துருவை நானே வரைந்து ஏற்றிப் பார்த்தேன் என்பாள். தோற்றதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அந்தச் சிரிப்புதான் வஜ்திக்குப் பொறுக்கவில்லை. அவர் தோற்ற காலத்தில் வீட்டில் யாரிடமும் முகம்கொடுத்துப் பேசியதில்லை.

மாலையில் கடையடைத்துவிட்டு டிராமில் தேவையில்லாமல் இப்ராஹிமிய்யா வரை போவார். டிராம் ஜன்னலிலிருந்து மருந்துக்கடைக் கண்ணாடி வழியே பார்த்தால், கவுண்டருக்குப் பின்னால், இருமல் மருந்துப் புட்டிகளுக்கு நடுவே அந்த ஆரஞ்சு தெரியும். எரியட்டும், நாளெல்லாம் எரிந்து என்னுடையதைப் போல அணையட்டும் என்று நினைப்பார். நினைத்ததற்கு வெட்கப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடப்பார்.

வீட்டில் மனைவி நாஹித் கண்டுபிடித்துவிட்டாள். "பொம்பளை விஷயம்னா நான் சண்டையாவது போடலாம். பெட்டியைப் பார்த்து ஏங்கற புருஷனை என்ன பண்றது?" என்றாள். அவர், மொச்சை வேகவைத்த ஃபூல் ஆறிப்போய்விட்டது என்று மட்டும் குறை சொன்னார்.

குளிர்காலத்தின் முதல் புயல் அடித்த வாரம், கடற்கரைச் சாலை முழுக்கத் தண்ணீர். அந்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம்தான். முஷீரா பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றிக் கணினியைக் கொண்டு வந்திருந்தாள். பாதிக் கிணறு தாண்டியிருந்தாள். இப்போது குப்பை வரவில்லை, அரபி எழுத்து வந்தது. ஆனால் எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல், சண்டை போட்டுக்கொண்ட உறவுக்காரர்கள் மாதிரி தனித்தனியே, அதுவும் இடமிருந்து வலமாக நின்றன.

வஜ்தி தன் நாற்காலியில் இருந்தபடியே பார்த்தார். தன் உதவி இல்லாமலேயே இவ்வளவு தூரம் வந்துவிட்டாளே என்று நினைத்துக்கொண்டார்.

பிஷோய் என்று ஒருவன், பள்ளிக்கூடத்தில் கணினி வாத்தியார். எதையும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன். திரையை ஓட்டும் மின்பலகையில் ஒரு சில்லு கெட்டிருக்கிறது, அதைக் கழற்றி வேறு வைத்தால் சரியாகிவிடும் என்றான். முஷீரா தயங்கினாள். இதில் பயப்பட ஒன்றுமில்லை, எத்தனை பலகை பார்த்தவன் நான் என்று அவன் தைரியம் சொன்னான். யுஸ்ரியின் சால்டரிங் அயர்னைச் சூடேற்றச் சொல்லிவிட்டு, கணினியை அணைத்துப் பின்பக்கத் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான்.

நல்லதுதானே, என்று வஜ்தியின் மனம் சொன்னது. இவன் கை வைத்தால் அது பிழைக்காது. நீ சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். யாரும் உன்னைக் குறை சொல்லப்போவதில்லை.

அவர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். பிஷோய் கடைசித் திருகையும் கழற்றிவிட்டு மூடியை நெம்பினான். பிளாஸ்டிக் கிறீச்சிட்டது. அதோடு, "இந்த மாதிரிக் கோளாறை நான் எத்தனையோ பார்த்திருக்கேன் டாக்டரம்மா, இது சில்லேதான்" என்று வேறு சொன்னான்.

மூடி கிறீச்சிட்ட சத்தமா, அந்தப் பேச்சா, எது தன்னை எழுப்பியது என்று வஜ்தி பிற்பாடு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறார். இரண்டும்தான் என்று தோன்றும். எழுந்துவந்து பிஷோயின் கையைப் பிடித்துவிட்டார்.

"எடு கையை. சில்லு நல்லாத்தான் இருக்கு. உனக்கு ஒரு எழவும் தெரியாது."

திருகுகளைத் தானே திரும்ப முடுக்கினார். கணினியை எழுப்பி, அந்தச் சின்னக் கோப்பைத் திறந்து, அரபியைக் கூப்பிடும் இடத்துக்கு முன்னால் ஒரு வரி அடித்தார். யோசிக்கவில்லை, எதையும் பார்த்து அடிக்கவில்லை. விரல்களுக்கே மனப்பாடம். அணைத்துத் திரும்ப எழுப்பினார்.

ஆரஞ்சுத் திரையில் அரபி வலமிருந்து இடமாக ஓடியது. எழுத்துகள் கைகோத்திருந்தன.

யுஸ்ரி கைதட்டினார். "வஜ்தி பாஷா, பாஷாதான்யா!" என்றார். வஜ்திக்குக் காதுமடல் சூடாயிற்று. எத்தனை மாதமாக ஏங்கிய கைதட்டல். அதை அவர் முழுசாக வாங்கிக்கொள்வதற்குள், கைதட்டாத ஒருத்தியைப் பார்த்துவிட்டார்.

முஷீரா திரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உஸ்தாஸ் வஜ்தி, இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இப்போதுதான் தோன்றியது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள். ஆனால் அடித்த விரல்களை அவள் பார்த்திருந்தாள்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே" என்றார்.

"அப்போ ரமலான்ல நான் கேட்டப்ப?"

"தெரியும்."

வெளியே மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. முஷீரா மெல்லிய குரலில், "நான்தான் மக்குன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "அந்த மனுஷன் வராதுன்னு சொன்னாரே, அப்புறமும் எதுக்கு முட்டிக்கிட்டுக் கிடக்கோம்னு எத்தனை தடவை அழுகையா வந்திருக்கு தெரியுமா?"

"என்னோடது செத்துப்போச்சு" என்றார் வஜ்தி. "உங்களோடது எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அவ்வளவுதான். வேற காரணம் கிடையாது."

சிரித்துக்கொண்டே தோற்றவள் என்று அவர் நினைத்திருந்த பெண் அழுதிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கோட்டை மாட்டிக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து நேரே வீட்டுக்கு வந்தார். யுஸ்ரி ஒருநாள் கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டார். பார்வை மங்குகிறது என்பது சாக்கு. அவர் சொன்ன செய்தியைக் கேட்டு வஜ்தி கையிலிருந்த கண்ணாடி வில்லையைக் கீழே வைத்தார். துனிஸிலிருந்தும் கெய்ரோவிலிருந்தும் அந்த வரியைக் கேட்டு எழுதுகிறார்களாம். முஷீரா எல்லோருக்கும் அனுப்பி, இது என் வேலையில்லை, அலெக்ஸாந்திரியாவில் வஜ்தி சலாமூனி கண்டுபிடித்தது என்று சொல்கிறாளாம்.

"திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் வஜ்தி.

"அது உனக்குத் தோது. அதுக்காக அவ திட்டணுமா?" என்று சொல்லிவிட்டு யுஸ்ரி போனார்.

தன்னால் முடியாத ஒன்றை அவள் எவ்வளவு சுலபமாகச் செய்துவிட்டாள் என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டார் வஜ்தி. அந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லை. வெள்ளிக்கிழமை, செத்துப்போன தன் கணினியைத் தூக்கிக்கொண்டு அத்தாரீன் மாடி ஏறினார். ஜன்னலோரம் போகவில்லை. பெட்டியை முஷீராவின் மேஜையில் வைத்தார்.

"உதிரி பாகத்துக்கு வெச்சுக்குங்க. திரைதான் போச்சு, மத்ததெல்லாம் உயிரோட இருக்கு. முழுசா எடுத்துக்கலாம்."

முஷீரா அவரை உட்காரச் சொல்லவில்லை, சலாமுக்குப் பதில் மட்டும் சொன்னாள். திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினாள். அவர் நின்றபடியே பார்த்தார். உள்ளே ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இப்போது இது போகும், இப்போது அது போகும் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டு நின்றார். பேராசைக்காரியாக அவள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டால் தேவலை, கணக்குத் தீர்ந்துவிடும் என்று இருந்தது.

விசைப்பலகையிலிருந்து, இடைவெளி விடத் தட்டும் நீளப் பட்டையை மட்டும் அவள் கழற்றினாள். தன் கணினியில் அது ரொம்ப நாளாகச் சிக்கிக்கொண்டிருந்ததாம். பொருத்தி இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். மூடியைத் திரும்ப முடுக்கிப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

"இது போதும். திரை எங்கேயாவது கெடைச்சா, மீதி உங்களுக்கு வேணும்ல?" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

வஜ்தி தலையாட்டினார். யுஸ்ரி தேநீரை முதலில் அவளுக்கு வைத்தார், பிறகு பிஷோய்க்கு, கடைசியாக அவருக்கு. சர்க்கரை போதவில்லை. கேட்காமல் குடித்தார்.