கழித்துப் பார்த்த மஞ்சள்

...சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறார்களே, அதுதான் முள்ளாகக் குத்துகிறது, மற்றதையெல்லாம்கூட எப்படியோ விழுங்கிவிடலாம், கணினித் திரை மஞ்சளாகத் தெரிகிறது என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்ட ஒரு நர்ஸுக்கு, அளவு எல்லைக்குள்தான் இருக்கிறது, அறைச் சுவரின் நிறத்தைச் சரிபார்க்கவும் என்று பெங் சூன் இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார், எட்டு மாதம் ஆகிறது, அன்று என்ன சாப்பிட்டோம் என்பதுகூட ஞாபகமிருக்கிறது, கொய்த்தியாவ், சிப்பி கொஞ்சம் தூக்கலாக... அந்தப் பெண்ணோ, மிஸி செனியா, சரவாக்கில் படகு மட்டுமே போகும் ஒரு ஆஸ்பத்திரியில், எங்கிருந்தோ வாளியும் தூரிகையும் தேடிப்பிடித்துச் சுவரையே மாற்றிவிட்டாள். மாற்றிவிட்டு மரியாதையாக எழுதினாள், ஐயா, வெள்ளையடித்துவிட்டோம், திரை அப்படியேதான் இருக்கிறது, பரவாயில்லை, பழகிவிட்டோம். அதற்கு இவர் பதில் போடவில்லை. பழகிவிட்டோம் என்று சொல்பவர்களுக்கு என்ன பதில் போடுவது, புகார் முடிந்தது என்று குறித்துக்கொள்வதுதானே வழக்கம்?

மணி பத்தே கால், பதினோரு மணிக்குக் கையெழுத்து, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் மூன்றாவது மாடி இருட்டறையில் கறுப்புத் துணிக்கு நடுவே இரண்டு திரைகள் வெள்ளையாக எரிகின்றன, இடது பக்கம் பழைய குழல்விளக்குத் திரை, நிறுவனத்தின் மூலவெள்ளை, எல்லா ஒப்பீடும் இதோடுதான், ஏறக்குறைய சாமி மாதிரி, வலது பக்கம் புதுரகத் திரை, பெங் சூன் வலது உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார், இரண்டும் ஒரே வெள்ளை, தையல் தெரியாத வெள்ளை, இரண்டு வருஷம் முன்னால் இவரே ஒப்பிட்டு நிறுத்திய வெள்ளை. கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினார். வலது பக்கத் திரையில் யாரோ மெல்லிசாகத் தேநீரைப் பூசிவிட்ட மாதிரி மஞ்சள். மறுபடி மாற்றினார், ஒரே வெள்ளை. மாற்றினார், மஞ்சள். ஐம்பத்தெட்டு வயது மனிதன் இருட்டில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை கண்ணாமூச்சி ஆடுவதுபோல்... பத்து நாளைக்கு முன்னால் வலது கண்ணில் புரை எடுத்தார்கள், அலுவலகத்தில் கீல்வாதம் என்று லீவு சொன்னார், கம்பெனியே பட்டம் கொடுத்த தங்கக் கண்ணுக்குப் புரை என்று சொல்ல முடியுமா, கட்டைப் பிரித்ததும் எதிரே நின்ற மனைவி கெய்க் சிம்மின் சட்டை பளிச்சென்று நீலமாக இருந்தது, புதுசா என்று கேட்டார், எட்டு வருஷமா இதையேதான் போடறேன், பச்சைன்னு சொல்லிக்கிட்டு இருந்தது நீதான், நானும் உன்கிட்ட எதுக்கு வாயைக் கொடுக்கணும்னு விட்டுட்டேன் என்றாள்.

விட்டுவிட்டாள். எல்லோரும் விட்டுவிட்டார்கள். இங்கே செய்வது நிறமானி, உள்ளங்கை அகல வட்டக் கருவி, திரைமேல் வைத்தால் அதன் வெள்ளை எவ்வளவு வெள்ளை என்று எண்ணாகச் சொல்லும், அந்த எண்ணைப் பார்த்து ஆஸ்பத்திரிக்காரர்கள் திரையைத் திருத்திக்கொள்வார்கள், இதில் வம்பு எங்கே வந்தது என்றால் புதுரகத் திரைகள் வந்தபோது, பழையதிலும் புதியதிலும் எண் ஒன்றாகவே வந்தது, கண்ணுக்கு மட்டும் வேறுவேறாகத் தெரிந்தது, ஆகவே கருவிக்குள் ஒரு திருத்தம் எழுதவேண்டும், எவ்வளவு என்பதை மனிதக் கண்தான் சொல்லவேண்டும். விதிப்படி ஐந்து பேரின் கண், ஐந்தின் சராசரி. நான்கு பேர் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிறுத்தினார்கள், இவர் மட்டும் நீலத்தை நன்றாகக் குறைத்துத் தள்ளி வேறொரு இடத்தில் நிறுத்தினார், நான்கு பேர் ஒரு பக்கமும் ஒருவர் ஒரு பக்கமும் இருந்தால் யார் தப்பு? முப்பது வருஷ அனுபவமுள்ளவர் தப்பாக இருக்க முடியாது, இதுதான் அன்றைக்கு இவர் போட்ட கணக்கு, எண்ணால் சோறு தின்னும் மனிதர். உங்க நாலு பேருக்கும் இருக்கிறது கண்ணா, மாட்டுக் கண்ணு என்று சிரித்தார், அவர்களும் சிரித்தார்கள், முதலாளி டத்தோ தியோ எல்லோரையும் கூட்டிவைத்து, கருவி பொய் சொல்லும், பெங் சூன் கண் பொய் சொல்லாது என்று ஒலிபெருக்கியில் முழங்கி, தங்கமுலாம் பூசிய ஒரு பிளாஸ்டிக் கண்ணைக் கையில் கொடுத்தார், அடியில் அனைவரையும் தாண்டிய துல்லியம் என்று பொறித்திருந்தது, அந்தக் கண் இப்போதும் மேசைமேல் இமைக்காமல் இருக்கிறது, புரை வரவே முடியாத கண் இந்தக் கட்டடத்தில் அது ஒன்றுதான்.

வயதான கண் மஞ்சள் கண்ணாடி மாதிரி, நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், டாக்டர் சொன்னார், பழைய திரையின் நீலத்தை அதிகமாகவும் புதுத் திரையின் நீலத்தைக் குறைவாகவும் தின்றிருக்கிறது, அதை டாக்டர் சொல்லவில்லை, அதைக் கண்டுபிடிக்க இவருக்கு டாக்டர் தேவையில்லை, ஆஸ்பத்திரி வாசலில் டாக்சிக்கு நிற்கும்போதே தெரிந்துவிட்டது, தெரிந்து டாக்சியில் ஏறி வீட்டுக்குப் போய்த் தூங்கினார். இரண்டையும் சமமாகத் தின்றிருந்தால் பாதகமில்லை, புதுத் திரையில் மட்டும் நீலம் மிஞ்சியதாகத் தோன்றிக் குறைத்துவிட்டார், இவருடைய ஒரு ஜோடிக் கண் தின்றது நாலாயிரம் கருவிகளில் ஏறி... நாலாயிரமா, நாலாயிரத்துச் சொச்சம்.

செனியாவின் மூன்றாவது கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. மேலாற்றுக் கிளினிக்குகளிலிருந்து பிறந்த குழந்தைகளின் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள், பார்த்து, மஞ்சள் காமாலை என்று தோன்றினால் படகு அனுப்பி வரவழைப்போம், எங்கள் திரை எப்போதும் மஞ்சள் என்பதால் கொஞ்சம் கழித்துப் பார்க்கப் பழகியிருந்தோம், சென்ற மாதம் ஒரு குழந்தைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், நான்காம் நாள் அவர்களே படகு பிடித்துக் கொண்டுவந்தார்கள், உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை, கருவி சரிதானா என்று மட்டும் இன்னொரு தடவை பார்த்துச் சொல்வீர்களா. அவ்வளவுதான். கொண்டுவந்தார்கள், பிறகு? பிறகு என்ன என்ற ஒரு வரி இருந்திருக்கவேண்டிய இடத்தை இவர் பதினொரு முறை படித்தார், ஒன்றுமில்லாத இடம், சுத்த வெள்ளை, எந்தத் திருத்தமும் தேவைப்படாத வெள்ளை. கேட்டு எழுதலாம். குழந்தை எப்படி இருக்கிறது என்று நாலு வார்த்தை. எழுதினால் பதில் வந்துவிடும்.

"அங்கிள், உள்ளே தூங்கிட்டீங்களா?" திரைச்சீலைக்கு வெளியே ரொஹானா, தரப் பிரிவுக்காரி, அந்த நான்கு மாட்டுக் கண்ணில் ஒரு ஜோடி அவளுடையது, பதினைந்து வருஷமாக இவரை அங்கிள் என்றே கூப்பிட்டு இப்போது அவளுக்கே நாற்பது ஆகிவிட்டது. "டத்தோ மூணு தரம் ஆள் அனுப்பிட்டாரு லா. ஆஸ்பத்திரி கொள்முதல்காரங்க வந்து உக்காந்தாச்சு, நாசி லெமாக் பொட்டலம்கூட பிரிச்சாச்சு. புது மாடல் கருவிக்கும் பழைய திருத்தமே செல்லும்னு நீங்க ஒரு கையெழுத்து போட்டா அவரு பேச ஆரம்பிச்சிடுவாரு."

"நான் போடலேன்னா?"

"அப்பவும் பேசுவாரு."

உள்ளே வா என்றார். வந்தாள், கையில் படிவம், பார்த்தவர் பெயர், பார்த்த நேரம், இரு கண்களாலும் பார்க்கப்பட்டதா ஆம் அல்லது இல்லை, யாரோ வேலையற்றவன் அச்சடித்த கேள்வி என்று இத்தனை காலமும் நினைத்திருந்தார். எழுந்து நாற்காலியைக் காட்டினார், நீ பார். அவள் உட்கார்ந்த வேகத்திலேயே, "வலது பக்கம் மஞ்சள்" என்றாள், முகத்தில் ஈ உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வதுபோல. "அன்னைக்கும் இதைத்தானே சொன்னேன்."

அன்றைக்கும்... பெங் சூனுக்கு ஒரு நிமிடம் மூச்சு லேசானது, சொல்லியிருக்கிறாள், அப்படியானால் ஏட்டில் இருக்கும், நான்கு பேரின் எண் இருக்கும், அதை எடுத்து டத்தோவின் முன்னால் போட்டால் போதும், ஏடு பேசும், இவர் வாயைத் திறக்கவேண்டியதில்லை, புரை, கீல்வாதம், டாக்சி எதையும்... "அந்த ஏட்டை எடு, உங்க நாலு பேரு எண்ணு இருக்குமில்ல?"

"எங்க எண்ணா?" ரொஹானா திரும்பவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மறுநாளே மாத்திட்டோமே அங்கிள். உங்க எண்ணுக்குப் பக்கத்துல எழுதிட்டோம். மாட்டுக் கண்ணுன்னு நீங்க சொன்னதுக்கப்புறம் யாரு லா பழசை வச்சிருப்பா? தணிக்கைக்காரர்கூட பாராட்டினாரு, அஞ்சு பேரு கண்ணும் இவ்வளவு ஒத்துப்போய் பார்த்ததே இல்லைன்னாரு."

அஞ்சு கண்ணும் ஒத்துப்போய். ஆக, காகிதத்தில் தப்பே கிடையாது, தோண்டினாலும் கிடைக்காது, தப்பு இருக்கும் ஒரே இடம் இந்த இடது கண், அதையும் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி எடுத்துவிடுவார்கள், எடுத்ததை டாக்டர் ஒரு சின்னக் குப்பியில் போட்டுத் தருவாரா, இல்லை வாளியில் எறிவாரா... அதற்குப் பிறகு உலகத்தில் எந்தக் கருவியாலும் இதை அளக்க முடியாது, இவர் சொன்னால் உண்டு. சொன்னால் நாலாயிரம் கருவியும் திரும்பி வரும், தங்கக் கண்ணைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், அது போகட்டும், செனியாவுக்கு எழுதவேண்டும், எழுதினால் அந்த ஒரு வரி வந்துசேரும்.

டிக்கென்ற சத்தத்தோடு இடது பக்கத் திரை அணைந்தது, பழைய விளக்கின் மிச்ச ஆயுளைக் காப்பாற்றப் ஏற்றி முக்கால்மணி நேரத்தில் தானாக அணையும், மறுபடி ஏற்றினால் நிலைக்க அரைமணி நேரம் ஆகும், அதற்குள் பதினொன்று தாண்டிவிடும். இருட்டில் புதுத் திரை மட்டும் தனியாக எரிந்தது. இருவர் கண்ணும் அதிலேயே இருந்தது. கீழே ஒலிபெருக்கியை யாரோ தட்டிப் பார்த்தார்கள், டத்தோவின் தொண்டைச் செருமல் மூன்று மாடி ஏறி வந்தது.

"அங்கிள்," என்றாள் ரொஹானா கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப அவ்வளவா மஞ்சளாத் தெரியல. வெள்ளையாத்தான் இருக்கு."

பெங் சூன் இடது கண்ணைப் பொத்தி, மருந்து விட்டுக் கழுவிய புது வலது கண்ணால் பார்த்தார், அவள் சொன்னது சரிதான், மஞ்சள் எங்கும் இல்லை, எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், இரண்டு நிமிடம் இருக்குமா, பழக இரண்டு நிமிடம் போதுமாயிருக்கிறது, புதுக் கண்ணுக்கே... படிவத்தை வாங்கிக்கொண்டார், பேனாவைத் திறந்தார், இரு கண்களாலும் பார்க்கப்பட்டதா என்ற கேள்விக்கு மேலே பேனா நின்றது, செனியாவின் அறையில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு திரை இருந்திருக்காது என்று அப்போதுதான் தோன்றியது, மஞ்சளை மஞ்சள் என்று காட்ட அவள் வெள்ளையடித்த அந்தச் சுவர் மட்டும்தான் இருந்திருக்கும்.