நான்கு விரல் கை வைத்த ரவிக்கை

மோகனூர் வட்டாரத்துப் பொதுமக்களுக்கும், காவிரிக்கு அக்கரையில் வாங்கல் பக்கம் குடியிருப்போருக்கும், இரண்டு கரைக்கும் நடுவே பாலத்தில் போய்க்கொண்டிருப்பவர்களுக்கும் மிகுந்த பொறுப்புணர்வோடு தெரிவிக்கப்படும் செய்தி: கோழிப்பண்ணை வெங்கடாசலத்தின் மனைவி அமுதவல்லி, வயது நாற்பத்தாறு, தன் தம்பி கல்யாணத்துக்கு நான்கு விரல் அகலமே கை வைத்த ரவிக்கை போடுவதென்று தீர்மானித்துவிட்டாள்.

அதுவரை அவளுடைய ரவிக்கைகளெல்லாம் முழங்கையைத் தொட்டுத்தான் நின்றன. காரணம் முன்பு நடந்த ஒரு காதுகுத்து. அங்கே தாம்பாளத்தை நீட்டும்போது யாரோ செல்போனில் எடுத்த படத்தில், அவளுடைய மேற்கை, அழைக்காமல் வந்த விருந்தாளியைப் போலத் தனியாகத் தெரிந்தது. படத்தைப் பந்தியில் வைத்தே பார்த்தாள் நாத்தனார் பாப்பாத்தி.

"ஏம்புள்ள அமுதா, இதென்ன கையிக்கு அடியில தொட்டில் கட்டியிருக்கற? கொழந்தையப் போட்டு ஆட்டலாமாட்ட இருக்குது!"

பந்தி முழுக்கச் சிரித்தது. அமுதவல்லியும் சிரித்தாள், ரசத்துக்கு நீட்டிய கையை மட்டும் மெல்ல மடக்கிக்கொண்டாள். மறுநாளே தையற்காரியிடம் போய், இனி தைக்கிற எல்லாவற்றுக்கும் கையை இறக்கிவிடச் சொன்னாள். அதன் பிறகு பேருந்தில் மேல்கம்பியைப் பிடிப்பதைக்கூட விட்டுவிட்டாள்.

இப்போது தம்பி அன்பரசுவுக்கு நாற்பத்தொன்றாம் வயதில் பெண் கிடைத்துவிட்டது. அன்பரசு லாரி வைத்திருக்கிறான். அவனுடைய ஜாதகம் அந்த லாரிகளைவிட அதிக தூரம் ஓடியிருந்தது. எடப்பாடியிலிருந்து ஆத்தூர் வரைக்கும் அதற்குத் தெரியாத வீடில்லை. அப்படிப்பட்டவனுக்குக் கல்யாணம் என்றால் இணைச்சீரைக் குறைவைக்க முடியுமா? மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் பட்டுடுத்தி, மூங்கில் பேழைக்கூடையைத் தலையில் வைத்து, சொந்தபந்தம் பார்க்கச் சுற்றி வந்து, தம்பிக்குப் பக்கத்தில் நின்று செய்கிற சீர் அது. கூடையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். கையைத் தூக்காமல் கூடையைத் தூக்க வழியில்லை.

"உங்க பெரியப்பன் மவ இருக்கறாளே, அவளச் செய்யச் சொல்லிப்போடு. அவ ஒல்லி," என்றாள் பாப்பாத்தி, நாட்டு நலன் கருதி.

அமுதவல்லிக்கு அது சுருக்கென்றது. அன்பரசு நடக்கப் பழகும்வரை அவனைத் தூக்கித் திரிந்தது இந்தக் கைதான். அவனுக்குச் சீர் செய்கிற இடத்தில் இன்னொருத்தி கை நிற்பதா? "நானே செய்யறனுங்க நங்கையா," என்றாள் நாத்தனாரிடம். நான்கு விரல் தீர்மானம் பிறந்தது அந்த நிமிஷத்தில்தான்.

நாமக்கல்லில் ஒரு தீவனக் கடையின் மாடியில் 'மகளிர் உடலெழில் மேம்பாட்டு உயர் பயிற்சி மையம்' இருந்தது. அறையைவிடப் பெயர்ப்பலகை நீளம். அதை நடத்தும் வெண்ணிலா என்ற பெண் அமுதவல்லியின் மேற்கையை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு மேடைக் குரலில் சொன்னாள்: "மேடம், உங்க ட்ரைசெப்ஸ் ஆழ்ந்த உறக்கத்தில் இருக்குது. அதை நாம் தட்டி எழுப்பணும்."

"எழுப்புனா கத்துமாங்க?"

வெண்ணிலா கதவைப் பார்த்தாள். வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் குரலை இறக்கினாள். "அக்கா, நெசத்தச் சொல்றனே. கையில மட்டும் தனியாக் கொழுப்பு கரையாதுங்க. நடக்கோணும், சோத்தக் கொறைக்கோணும். உள்ள இருக்கற சதைய இறுக்குனா தொங்கறது கொறையும். அவ்வளவுதான். இத போர்டுல எழுதுனா ஒருத்தரும் படியேற மாட்டாங்க."

அந்த நேர்மைக்காகவே அமுதவல்லி சேர்ந்தாள். சுவரில் கை ஊன்றித் தள்ளினாள். நாற்காலி விளிம்பைப் பிடித்து இறங்கி ஏறினாள். தண்ணீர் பாட்டிலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்த் தூக்கினாள். வீட்டில் இதோடு சொந்தமாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். விடியும் நேரத்தில் ஒரு கூடை நிறையக் கோழித்தீவனத்தைத் தலையில் ஏற்றி, இரண்டு கையும் உயர்த்தி, பண்ணைக் கொட்டகைக்குள் நடந்தாள்.

அங்கேதான் அவளுக்கு அது பிடித்துப்போனது. ஆற்றுப் பக்கமிருந்து பனி கொட்டகைக்குள் நுழைந்து கூண்டுகளின் கால்களை மறைத்திருக்கும். சர்க்கரை ஆலைத் திசையிலிருந்து காய்ச்சின கரும்புப்பால் வாசம், தூக்கத்தில் பேசுகிறவர் குரல் போல விட்டுவிட்டு வரும். அவள் வரிசைகளுக்கு நடுவே நடக்க நடக்க, வெள்ளைக் கோழிகள் எல்லாம் ஒன்றாகத் தலையைத் திருப்பும். மணவறைக்குப் போகிறவளைச் சபை பார்ப்பது போன்ற பார்வை. சில சமயம் கூடையை அவள் தூக்கவில்லை, கூடைதான் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று தோன்றும். தரை எங்கேயோ கீழே கிடக்கும்.

இரவுகளில் கனவு வந்தது. அவளுடைய இரண்டு கைகளும் தோளிலிருந்து மெல்லக் கழன்று, ஜன்னல் வழியே கிளம்பி, கரும்புப் பூக்களின் மேலாகக் காவிரியைத் தாண்டிப் பறந்தன. தண்ணீரில் புறங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, விடியுமுன் ஈரத்தோடு வந்து பொருந்திக்கொண்டன. ஒருநாள் மட்டும் அவை திரும்பவில்லை. தேடிப் போனால், பாப்பாத்தி வீட்டு மாடிக் கொடியில் துணியோடு துணியாகக் காய்ந்துகொண்டிருந்தன. பாப்பாத்தி அவற்றுக்கு கிளிப் போட்டிருந்தாள்.

"ஏனுங்க," என்று கணவனிடம் கையை நீட்டினாள் ஒரு காலையில். "கையி தெரியுதுங்களா?"

வெங்கடாசலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தெரியாம அது எங்க போயிருச்சு?"

"அதில்லீங்க. முன்னைக்கு இப்ப?"

"முன்னயும் ரெண்டுதான் இருந்துச்சு." அப்புறம் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, உதவி செய்யும் எண்ணத்தோடு சொன்னார்: "எப்படியும் கூடையத் தூக்கற. அப்படியே மூணாவது வரிசையில கொட்டிப்போட்டு வந்துரு."

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சீர். போட்டோ எடுக்க வந்த சித்தார்த், 'நினைவுச் சிற்பிகள்' என்று முதுகில் அச்சடித்த சட்டையோடு நின்றான். "நாங்க போட்டோ எடுக்கறதில்லீங்க அக்கா. உணர்வைப் பதிவு பண்றோம்."

"உணர்வு கெடக்கட்டும் சாமி. கூடை தூக்கறப்ப கையி நல்லாத் தெரியோணும்."

அவன் அவளை இரக்கத்தோடு பார்த்தான். "கவலையே வேண்டாங்க அக்கா. கைய நாங்க பாத்துக்கறோம்."

பாப்பாத்தி ஒரு சால்வையோடு வந்தாள். "காத்தடிக்குது. இதப் போத்திக்க புள்ள. நாலு பேரு பாக்கறாங்க."

"வேர்க்குதுங்க நங்கையா," என்றாள் அமுதவல்லி. "நாலு பேரும் பாத்துட்டுத்தான் போகட்டும்."

சீர் நடத்தும் அருமைக்காரர் கண்காட்ட, அவள் குனிந்து கூடையைத் தூக்கினாள். கைகள் மேலே போயின. உண்மையைச் சொன்னால், அடியில் கொஞ்சம் தொங்கத்தான் செய்தது. ஆனால் அது இப்போது அவளுடைய கையாக இருந்தது, விருந்தாளியாக இல்லை. முதல் சுற்றில் யாராவது பார்க்கிறார்களா என்று கவனித்தாள். அடுத்த சுற்றில் மேளச் சத்தம் தூரமாகப் போயிற்று. விளக்குகளுக்குக் கீழே கொட்டகையின் பனி வந்து படர்ந்தது போலிருந்தது. அதற்கு நடுவே, பட்டுச் சட்டையில் வேர்த்து விறுவிறுத்து நின்ற தம்பியின் முகம் தெரிந்தது. முதல்நாள் பள்ளிக்கூடத்துக்கு விட்டுவந்தபோது இருந்த அதே முகம்.

"அக்கா, கையி நடுங்குது," என்று உதட்டை அசைக்காமல் சொன்னான்.

"யாரு கையி?"

"என்ற கையிதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடை அசையவில்லை. தன் கையைப் பற்றிய நினைப்பே இல்லாமல் அவள் அங்கே நின்றாள். எத்தனை நேரம் என்று யாரும் குறித்துவைக்கவில்லை.

கல்யாணம் முடிந்து சில நாளில் ஆல்பம் வெல்வெட் பெட்டியில், திறந்தால் விளக்கெரியும் ஏற்பாட்டோடு வந்தது. அதைத் தூக்கவே ட்ரைசெப்ஸ் வேண்டும். பாப்பாத்தியும் செய்தி கேட்டு வந்துவிட்டாள். இணைச்சீர்ப் பக்கத்தைப் புரட்டியதும் அமுதவல்லி குனிந்து பார்த்தாள். கூடைக்குக் கீழே, கை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வாழைத்தண்டுகள் இருந்தன. மடிப்பில்லை, மச்சமில்லை, முழங்கையையும் காணோம். அவளுக்குப் பின்னால் மண்டபத் தூண் லேசாக வளைந்திருந்தது.

அடுத்த பக்கத்தில் பாப்பாத்திக்கும் அதே வாழைத்தண்டுகள். மணப்பெண்ணின் அம்மாவுக்கும் அவைதான்.

"பாத்தியா புள்ள?" என்று பூரித்துப்போனாள் பாப்பாத்தி. "நானெல்லாம் ஒண்ணுமே பண்ணல. ரெண்டு வாட்டி சோறு வாங்கித் திங்கறேன். என்ற கையி எப்படி இருக்குது பாரு!"

அமுதவல்லி சித்தார்த்துக்கு போன் போட்டாள்.

"நாப்பது தாண்டுன அக்காமாருக்குக் கம்ப்யூட்டர்ல கைய எளைக்க வெக்கறது பேக்கேஜ்லயே வந்துருங்க," என்றான் அவன் பெருமையாக. "நீங்க முன்னாடியே சொன்னதால உங்களுக்கு மட்டும் ரெண்டு தடவ எளைக்க வெச்சோம்."

"எளைக்காத படம் இருக்குதுங்களா சாமி?"

"அழிச்சாச்சுங்க அக்கா. அதையெல்லாம் யாரு கேப்பாங்க?"

மறுநாள் விடியலில் அவள் அந்த நான்கு விரல் ரவிக்கையையே போட்டுக்கொண்டு, கூடையை ஏற்றிக் கொட்டகைக்குப் போனாள். வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த வெங்கடாசலம் நுரையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "கல்யாணந்தான் முடிஞ்சுதே. இன்னும் எதுக்கு?"

"சும்மாதானுங்க."

"அன்னைக்கு நீ தூக்குனப்ப," என்று தொடங்கி, கொஞ்சம் யோசித்து, "கூடை ஆடவே இல்ல," என்று முடித்து மறுபடி பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டார்.

அவள் இரண்டு கையும் உயர்த்தி உள்ளே நுழைந்தாள். பனி காலைச் சுற்றியது. கரும்பு வாசம் வந்து போனது. தரை மெல்லக் கீழிறங்க, வெள்ளைக் கோழிகள் எல்லாம் ஒன்றாக அவள் பக்கம் தலையைத் திருப்பின.

கூடையில் தீவனம் இருந்தது.