செருப்பைக் கழற்றி வந்தவர்

நிஜமான இமிக்ரேஷன் அதிகாரி யார், போலி யார் என்று கண்டுபிடிப்பதில் எங்கள் கியாக்டடா பேட்டையிலேயே என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் திமிருக்குக் கிடைத்த கூலியைச் சொல்கிறேன்.

அறுபத்தைந்தாம் வருஷம். நம் ஆட்கள் பர்மாவை விட்டுக் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குக் குடியுரிமை அட்டை முன்பே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அமிர்தநாதனின் விண்ணப்பம் மட்டும் ஆறு வருஷமாகத் தூங்கியது. அதைத் தள்ளிவிட்டால் அவர் மதராசுக்குப் போக வேண்டியதுதான். மனிதர் பிறந்தது இங்கே ஆற்றுக்கு அக்கரையில், தன்லியினில். மதராசைப் படத்தில்கூட பார்த்ததில்லை.

மார்ச் மாதம் கீழ்வீட்டுச் சொர்ணம்மாளைத் தேடி இரண்டு பேர் வந்தார்கள். முத்திரை குத்திய அட்டையை நீட்டினார்கள். சோதனை என்று சொல்லி அவளுடைய வெளிநாட்டவர் பதிவு அட்டையையும் கைவளையலையும் வாங்கிப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அட்டையைத் தொலைத்த குற்றத்துக்கு அவள் இன்னும் ஆபீஸ் ஆபீஸாக அலைந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மாடிப்படியில் இதே பேச்சு. நிஜ அதிகாரி தனியாக வரமாட்டான் என்றார் எதிர்வீட்டு ஜமால் பாய். நான் அவரை மடக்கினேன்.

"கால பாருங்க பாய். நெசமான ஆளு பூட்ஸோட மாதா படத்து முன்னால வந்து நிப்பான். செருப்ப கழட்டிட்டு வர்றவன் நம்மகிட்ட எதையோ புடுங்க வர்றான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கண்டதைத்தான் சொன்னேன். ஜனவரியில் கணக்கெடுக்க வந்த அசல் அதிகாரிகள் அப்படித்தான் வந்து நின்றார்கள். சொர்ணம்மாளிடம் வந்த திருடர்களோ செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டிருந்தார்கள்.

ஏப்ரலில் ஒரு பகல். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். ஒரு பர்மியர் தனியாக வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே வரலாமா என்று கேட்டார்.

"டோ மரியபுஷ்பம் நீங்கதானே? கோ அமிர்தநாதன் இந்த வீட்டில்தானே இருக்கார்?" என்று பர்மிய மொழியில், பெயருக்கு முன் மரியாதைச் சொல் போட்டுப் பணிவாகக் கேட்டு அட்டையைக் காட்டினார்.

அந்தப் பணிவே எனக்குப் போதும்; வீட்டுக்காரரின் பதிவு அட்டையைப் பிடுங்க வந்த திருடன்தான். அட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அமிர்தநாதன்னு யாரும் இங்க இல்ல" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கொடியில் ஆம்பளைச் சட்டை காயுதே?"

"என் தம்பி சட்டை."

பாவம், அவர் உடனே எழுதவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். ஜமால் பாய் என் முகத்தைப் பார்த்தார். நான் வந்தவரின் வெறுங்கால்களை ஜாடை காட்டினேன். "அப்படி யாரையும் நான் பார்த்ததே இல்லை" என்று பாய் அடித்துச் சொன்னார். அதன் பிறகுதான் வந்தவர் எழுதிக்கொண்டு இறங்கினார். பாயும் நானும் வெற்றிலை போட்டுச் சிரித்தோம்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. கொடுத்த முகவரியில் விண்ணப்பதாரர் வசிக்கவில்லை, விண்ணப்பம் தள்ளப்பட்டது, நாட்டை விட்டுப் போக அறுபது நாள் தவணை.

இருவரும் ஆபீசுக்கு ஓடினோம். மேசைக்குப் பின்னால் அதே மனிதர்.

"நீங்க சொன்னதைத்தான் எழுதினேன். எதிர்வீட்டுக்காரரும் அதையே சொன்னார். கோப்பு மேலே போயிடுச்சு. இனி என் கையில் இல்லை" என்றார்.

"உங்களப் போலின்னு நெனச்சேன்."

"ஏன்?"

"மரியாதையா பேசினீங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் தலையைக் குனிந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த ஆபீசிலேயே எங்களை மனிதராக மதித்த ஒரே ஒருவரைத் தேடிப் பிடித்துப் பொய் சொல்லியிருக்கிறேன். என் நாக்கு அழுகிப்போக.

சூலே பகோடா பக்கம் பஸ் நிறுத்தம்வரை வீட்டுக்காரர் எனக்கு முன்னால் நடந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் வரும்போதுதான் கேட்டார்.

"இல்லன்னு சொன்னியே, புஷ்பம். என் பேரச் சொல்லியா சொன்ன?"

"ஆமா" என்றேன்.