துடைத்து வைத்த வீடு

ஆர்டிஸைத் தூக்கிக்கொண்டு போனது யார் என்பது ஹெல்மர் ஊரில் காவல் அதிகாரியான ஷெரிப்பைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தானியக் கிடங்கில் ஒரு பெயர் சொன்னார்கள், தேவாலயத்துக் காப்பி நேரத்தில் இன்னொன்று. இணையத்தில் முகம் காட்டாமல் பேசுகிறவர்களிடம் வாரத்துக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் எந்தப் பேச்சும் சுற்றிச் சுற்றி வந்து நின்றது ஒரே ஆளிடம்தான். ஆர்டிஸின் மகன் டுவைன்.

அவர்கள் சொன்ன நியாயம் சிறியது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு, பனி உருகி வயலெல்லாம் சேறாகக் கிடந்த காலம். எண்பத்து நான்கு வயதுக் கிழவி தனியாக வாழ்ந்த பண்ணை வீட்டிலிருந்து காணாமல் போகிறாள். இதய மாத்திரைகள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. ஷெரிப் போய்ப் பார்க்கும்போது வீடு கண்ணாடி மாதிரி இருக்கிறது. தரையில் ஒரு சேற்றுச் சுவடு இல்லை, நாற்காலி ஒன்றுகூட இடம் மாறவில்லை, படுக்கை சுருக்கமில்லாமல் விரித்திருக்கிறது. வேற்றாள் வந்திருந்தால் இப்படியா இருக்கும்? சாவி வைத்திருந்த கைதான். நிலத்தைக் காற்றாலைக் கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்று மகன் கேட்டதும், தாய் மாட்டேன் என்றதும் ஊருக்கே தெரிந்த கதையாயிற்றே.

இந்தப் பேச்சையெல்லாம் எட்டு மாதமாக நிமிர்ந்த முதுகோடு கேட்டுக்கொண்டிருந்தாள் வெர்னா ஸ்டென்சன். ஆர்டிஸின் ஒரே தங்கை. எழுபத்தொன்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தைந்து வருடம் ஊர்த் தபால் நிலையத்தை நடத்தியவள். யார் வீட்டுக்கு எங்கிருந்து என்ன கடிதம் வந்தது என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வெளியே போனதில்லை. ஸ்டென்சன் வீட்டுப் பெண் சொன்னால் அது சொன்னதுதான் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரைத்தான் அவள் ஒரு பொய்யால் பூசி மூடி வைத்திருந்தாள்.

நவம்பர் கடைசியில், முதல் பனி விழுந்த புதன்கிழமை, அவள் லோரெய்னின் காப்பிக் கடைக்குப் போனாள். வட்ட மேசையில் கிழவர்கள் வழக்கம்போல் தோல் குவளையில் பகடையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். தோற்றவன் எல்லோருக்கும் காப்பி வாங்க வேண்டும்.

"மே மாசத்துல எந்திரக் கொட்டகைக்குப் புதுசா சிமென்ட் போட்டானே டுவைன், எதுக்காம்?" என்று அவர்களில் ஒருவனான ஹார்லன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"தரை வெடிச்சிருந்துச்சு, போட்டான். உன் மண்டைகூடத்தான் வெடிச்சிருக்கு. அதுக்கு யாரு போடறது?" என்றான் எதிரில் இருந்தவன்.

சிரித்தார்கள். வெர்னாவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எல்லோரும் பகடையை ஏதோ வேதப் புத்தகம் மாதிரி உற்றுப் பார்த்தார்கள். வாசலுக்கு முதுகு காட்டி நின்ற லோரெய்னுக்கு மட்டும் அவள் வந்தது தெரியவில்லை. வாரப் பத்திரிகையை விரித்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஷெரிப்பின் பேட்டி. வதந்தி பெருத்துப் போனதால் கையில் இருந்த சிலதை அவரே வெளியே சொல்லியிருந்தார். காணாமல் போன வாரத்தில் நாற்பதுக்கு மேல் மொட்டைக் கடிதங்கள் வந்தனவாம். எல்லாம் பொய். உதாரணத்துக்கு ஒன்று: கிழவி எங்களிடம் இருக்கிறாள், சமையலறை மேசைக்கு அடியில் நீலக் கோப்பை உடைந்து கிடக்கிறதே, அதுவே சாட்சி. அவள் படுக்கையில் இருக்கும் சிவப்புப் போர்வையைச் சாலையோர வேலியில் மூன்று நாள் தொங்கவிடுங்கள், என்ன வேண்டும் என்று சொல்கிறோம். போர்வை தெரியாவிட்டால் இனி எழுத மாட்டோம். 'அந்த வீட்டில் உடைந்த கோப்பை எதுவும் இல்லை. படுக்கையில் இருந்தது வெள்ளை விரிப்பு. படங்கள் எங்களிடம் இருக்கின்றன' என்று ஷெரிப் முடித்திருந்தார்.

லோரெய்ன் திரும்பினாள். "ஐயோ, வெர்னா. நீங்க வந்தத கவனிக்கல."

"பரவாயில்ல" என்றாள் வெர்னா. காப்பி கேட்கவில்லை. வந்த வழியே வெளியே போய்க் காரில் ஏறினாள்.

அக்கா காணாமல் போன அந்த மார்ச் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆர்டிஸின் இடம் காலியாக இருந்தது. பாட்டு முடிவதற்குள் எழுந்து வெர்னா பண்ணைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். பின்கதவு திறந்திருந்தது. சமையலறையெல்லாம் சேறு, ஒரு நாற்காலி கவிழ்ந்து கிடந்தது, அம்மாவின் நீலக் கோப்பை சுக்கல் சுக்கலாக. படுக்கையறைக்குப் போனாள். சிவப்புப் போர்வை பாதி தரையில் இழுபட்டிருந்தது. விரிப்பு நனைந்திருந்தது. நாற்றத்திலேயே என்னவென்று தெரிந்தது.

ராத்திரி அக்காவுக்கு நெஞ்சுவலி வந்திருக்க வேண்டும், டுவைன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். அக்கா தேவாலயத்துக்கு வராததைப் பார்த்து, இன்னும் அரை மணியில் அங்கிருந்து பெண்கள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நிற்பார்கள். இந்தப் படுக்கையை அவர்கள் பார்க்கக் கூடாது. அப்பா இறந்தபோதுகூட டாக்டர் வருவதற்கு முன் அம்மா தரையைத் துடைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள். இந்த ஊரில் எந்த வீட்டிலும் அப்படித்தான். வெர்னாவின் கைகள் தாமாக வேலை செய்தன. விரிப்பையும் போர்வையையும் தன் காரில் போட்டாள். வெள்ளை விரிப்பை விரித்தாள். தரையைத் துடைத்தாள். ஒட்டிவிடலாம் என்று கோப்பைத் துண்டுகளைத் துணியில் முடிந்து வைத்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் டுவைனுக்குப் போன் செய்தாள்.

"நான் எங்கயும் கூட்டிட்டுப் போகலையே சித்தி. ஏன், அம்மா வீட்ல இல்லையா?" என்றான் அவன்.

ஷெரிப் வந்து, எதையாவது தொட்டீர்களா என்று கேட்டார். நனைந்த விரிப்பு அப்போது வாசலில் நின்ற அவள் காரில் இருந்தது. இல்லை என்றாள். ஒரே சொல். மறுநாள் திருத்தியிருக்கலாம். மறுநாளே பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஸ்டென்சன் பொய் சொன்னாள் என்று அவர்கள் எழுதுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

காப்பிக் கடையிலிருந்து நேராக வீட்டுக்குப் போய், பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் ஷெரிப் அலுவலகத்துக்குப் போனாள். ஷெரிப் கர்ட் ஓல்னஸ், அவள் தபால் நிலையத்தில் பிறந்தநாள் அட்டைக்காகக் காத்து நின்று வளர்ந்தவன்.

"அந்தக் கடிதம் நிஜம், கர்ட்" என்று டப்பாவைத் திறந்தாள். பதினொரு நீலத் துண்டுகள். "மேசைக்கு அடியில கிடந்துச்சு. நீ வர்றதுக்கு முன்னால பெருக்கி எடுத்துட்டேன். சிவப்புப் போர்வை என் வீட்ல இருக்கு. துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன்."

அவன் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"தொட்டீங்களான்னு கேட்டேன், மிஸ் ஸ்டென்சன்."

"கேட்ட. இல்லைன்னேன்."

"சேறு?"

"இருந்துச்சு. துடைச்சேன்."

"எத்தனை பேர் காலடி? பூட்ஸா, சாதாரணச் செருப்பா? பெரிசா, சின்னதா? யோசிச்சுச் சொல்லுங்க."

வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள். தரை நினைவுக்கு வரவில்லை. வாளிதான் வந்தது. "மூணு தடவை தண்ணி மாத்தினேன். அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

"எதுக்குத் துடைச்சீங்க?"

"வீடு கலைஞ்சு கிடந்துச்சு."

"இத மட்டும் சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டாங்க. டுவைனக் காப்பாத்த இப்ப வந்து கதை கட்டுறீங்கன்னுவாங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே செஞ்சீங்கன்னும் சொல்லுவாங்க. வேற காரணம் இருந்தா சொல்லிடுங்க."

"வெர்னா ஸ்டென்சன் பொய் சொன்னான்னு எழுதிக்கோ. அதுக்கு மேல எழுத ஒண்ணுமில்ல." எழுந்தவள் கதவருகே நின்றாள். "போர்வைய இப்பத் தொங்கவிட்டா?"

கர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "எட்டு மாசம் ஆச்சு. மாத்திரை இல்லாம அவங்க எட்டு நாள்கூட..."

அன்று மாலை டுவைன் வந்தான். கர்ட் அவனுக்குச் சொல்லியிருந்தான். இந்த ஊரில் எவனும் வீட்டுக்குள் பூட்ஸோடு வரமாட்டான். அவன் கழற்றவில்லை. சமையலறை நடுவில் வந்து நின்றான். தேவாலயத்தில் அவன் வரிசையில் யாரும் உட்காராமல் போய், ஜூன் மாதத்திலிருந்து அவன் அங்கே வருவதையே நிறுத்தியிருந்தான். முகம் பாதியாகியிருந்தது.

"ஏன் சித்தி?"

அவனிடம் மட்டும் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் மகன். மிகவும் தணிந்த குரலில் சொன்னாள். "படுக்கை நனைஞ்சிருந்துச்சுடா. உங்கம்மாவை ஊர் அப்படிப் பார்க்கக் கூடாதுன்னு..."

அவன் கோபத்துக்காக அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"ரெண்டு வருஷமா அதுக்கான டயபர் எல்லாம் மருந்துக் கடையில நான்தானே வாங்கிட்டு வந்தேன்" என்றான். "கடைக்காரனுக்குத் தெரியும். லோரெய்னுக்குத் தெரியும். தேவாலயத்துல அம்மா உட்கார்ற இடத்துல மெத்தை போட்டு வச்சாங்களே, எதுக்குன்னு நினைச்சீங்க? எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல."

வெர்னா அவனுக்காக நாற்காலியை நகர்த்தினாள். அவன் உட்காரவில்லை.

"அந்தப் போர்வைய நான் தொங்கவிட்டிருப்பேன், சித்தி. மூணு நாள் என்ன, மூணு வருஷம் தொங்கவிட்டிருப்பேன்." அவன் வந்த வழியே போனான். தரையில் அவன் பூட்ஸ் சுவடுகள் வாசல்வரை கறுப்பாகக் கிடந்தன. அவள் துடைக்கவில்லை.

மறுநாள் காலை அவள் பண்ணைக்குப் போய், சாலையோர வேலியில் சிவப்புப் போர்வையை விரித்து, காற்று கொண்டுபோகாதபடி நான்கு மூலையையும் கம்பியில் கட்டினாள்.

ஷெரிப்பின் அறிக்கை வெளிவந்தது. கர்ட் சொன்னபடியேதான் நடந்தது. சித்தியும் மகனும் கூட்டு என்றார்கள் சிலர். வெர்னாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் சிலர். குற்றவாளி தானே கொடி நட்டுவிட்டாள் என்று இணையத்தில் ஒருவன் ஒரு மணி நேரம் பேசினான். கார்களை நிறுத்திப் படம் எடுத்தார்கள். வட்ட மேசையில் ஹார்லன் அந்தப் போர்வையைப் பற்றி ஒரு வேடிக்கை சொன்னானாம். யாரும் சிரிக்கவில்லை என்று லோரெய்ன் பிற்பாடு சொன்னாள். டுவைன் ஜனவரியில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மேற்கே போய்விட்டான். முகவரி கொடுக்கவில்லை.

மூன்றாம் நாளே போர்வை விறைத்துப் பலகையாகிவிட்டது. வெர்னா அதை அவிழ்க்கவில்லை. தினமும் காலையில், கர்ட் சொல்லியும் கேட்காமல், பனி கொட்டிய சாலையில் மெல்ல ஓட்டிக்கொண்டு போவாள். நிமிர்ந்த முதுகோடு இறங்குவாள். சாலையில் போகிறவர்கள் கண்ணுக்குச் சிவப்பு தெரியும்வரை துடைப்பத்தால் போர்வையின் மேல் விழுந்த பனியைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறுவாள்.