ஆட்டுக்குட்டிக் குலுக்கல்

எங்கள் ஊரில் ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் யாரும் நேரே போய்க் கேட்க மாட்டார்கள். அவர் வீட்டு வாசலில் வந்து நின்று, மாத்தே கஷாயத்தை உறிஞ்சிக்கொண்டே வானிலை பேசுவார்கள். அந்தச் சனிக்கிழமை மதியம் நெரியோ வீட்டு முற்றத்தில் பாதி ஊர் நின்று வானிலை பேசிக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

நான் உயர்நிலைப் பள்ளியில் கணினி நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறவள். பிள்ளைகளைக் கடற்கரைக்குச் சுற்றுலா கூட்டிப்போக, வெட்டிச் சுத்தம் செய்த ஒரு ஆட்டுக்குட்டியைப் பரிசாக வைத்து 00 முதல் 99 வரை சீட்டு விற்றோம். இங்கே எந்தக் குலுக்கலுக்கும் அரசு லாட்டரியின் கடைசி இரண்டு இலக்கம்தான் தீர்ப்பு. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "இந்த வருஷம் நம்ம பிள்ளைங்க எழுதின நிரலே குலுக்கட்டும்" என்றேன். தலைநகர் மொந்தெவிதேயோவிலிருந்து இலவசமாக வந்த மடிக்கணினிகளில் அவர்கள் எழுதியவற்றில் அனாஹியுடையதுதான் சுத்தமாக இருந்தது. காலையில் அதை ஓட்டினோம். பதினைந்து விழுந்தது. லாட்டரிக் கணக்கில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு; பதினைந்து என்றால் அழகுப் பெண். மகளை நினைத்து அந்தச் சீட்டை ஆசையாக வாங்கியிருந்தவர் கொத்தனார் நெரியோ. அனாஹியின் அப்பா.

அவருக்குச் சூதுவாது தெரியாது. ஆட்டை அப்படியே இரும்புச் சிலுவையில் விரித்துக் கட்டி நெருப்போரம் நட்டுவிட்டு, "எல்லாரும் சாப்பிட வாங்க" என்று ஊரையே கூப்பிட்டார். ஊர் வந்தது. தட்டு எடுத்துக்கொள்ளாமல் வந்தது.

வானிலைப் பேச்சை முதலில் விட்டவர் மதுக்கடை வால்தேமார்.

"ஏன் டீச்சர், மக எழுதுவாளாம், அப்பனுக்கு விழுமாம். எங்களைப் பாத்தா இளிச்சவாயனுங்க மாதிரியா இருக்கு?"

"ஓசியில வந்த மென்பொருள் அண்ணே, வேற எப்படி இருக்கும்?" என்றார் முடிதிருத்தும் ஒமார்.

"ஓசின்னு சொல்லாதீங்க, கட்டற்ற மென்பொருள்!" என்று சீறினேன். "உள்ள என்ன இருக்குன்னு யார் வேணாலும் தொறந்து பாக்கலாம், திருத்தலாம். உங்க கடை ஒயின்ல எவ்வளவு தண்ணின்னு அப்படிப் பாக்க விடுவீங்களா வால்தேமார்?"

அனாஹி என் கையைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளுத்திருந்தது. "திங்கக்கிழமை நான் பள்ளிக்கூடம் வர மாட்டேன் டீச்சர். திருட்டுப் பொண்ணுன்னு கூப்பிடுவாங்க. அப்பாவுக்கும் யாரும் வேலை குடுக்க மாட்டாங்க."

எனக்கு ஆத்திரத்தில் காது சுட்டது. பள்ளிக்கு ஓடிப்போய் புரொஜெக்டரை எடுத்துவந்து, நெரியோவின் கொட்டகைச் சுவரில் அவள் நிரலைப் பெரிதாக விழவைத்தேன். ஊர் முழுவதும் உள்ளே வந்து உட்கார்ந்தது. வகுப்பில் என் மாணவர்கள் ஒரு நாளும் அவ்வளவு கவனமாக உட்கார்ந்ததில்லை.

"இந்த வரி மட்டும் ஏன் உள்ள தள்ளி நிக்குது? வெக்கமா?" என்றார் ஒமார்.

"மேல இருக்கிற வரிக்கு அது அடக்கம் மாமா," என்றாள் அனாஹி.

"அப்பன் பேரை எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?" இது வால்தேமார்.

"பேரே கிடையாது மாமா. எண்ணு மட்டுந்தான். இதோ, எண்ணை எடுக்கிற வரி இதுதான். ஒண்ணுல இருந்து தொண்ணூத்தொம்பது வரைக்கும்..."

அனாஹி நின்றுவிட்டாள். அதே நொடியில் எனக்கும் புரிந்தது. வேறு யாருக்கும் புரியவில்லை. பேசாமல் அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். ஊர் பாதி சமாதானமாகிவிட்டது. யாரோ உப்பு எங்கே என்றுகூடக் கேட்டுவிட்டார்கள்.

"இதுல தப்பு இருக்கு," என்றாள் அனாஹி. "பூஜ்யம் பூஜ்யம் இதுல விழவே விழாது."

கடைசியில் உட்கார்ந்திருந்த எர்சிலியா எழுந்தாள். லாட்டரிக் கணக்கில் 00 என்றால் முட்டை. முட்டை விற்கிற எர்சிலியா பிறந்ததிலிருந்து வேறு எண் வாங்கியதில்லை.

"அப்போ என் சீட்டு?"

"உள்ளயே வரல அத்தை. நான்தான் சரியாப் பாக்கல."

"அடிப்பாவி! தோத்துப்போறது எனக்குப் பழக்கந்தான். அதுக்காக உள்ளயே விடலையா?"

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று வால்தேமார் துள்ளினார். "குலுக்கல் செல்லாது! மறுபடியும் குலுக்கணும்!"

நெரியோ வாசலில் கரித்துணியோடு நின்றார். "தாராளமாக் குலுக்குங்க. ஆனா யாராவது வந்து ஆட்டைத் திருப்பி விடுங்கப்பா, கருகுது."

அனாஹி ஒன்றை அழித்துப் பூஜ்யம் போட்டாள். எல்லோரும் சுவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பொத்தானை எர்சிலியாவே அழுத்தினாள்.

இருபத்திரண்டு.

இருபத்திரண்டு என்றால் பைத்தியக்காரன்.

"யாருப்பா அந்தப் பைத்தியம்?" என்றாள் எர்சிலியா எரிச்சலோடு.

வால்தேமார் சட்டைப்பையில் கையை விட்டு, வெளியே எடுக்க மனமில்லாமல் ஒரு சீட்டை எடுத்தார்.

ஒமார் மாத்தேயை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்.

"சாயங்காலம் மழை வருமோ?"

"காத்தைப் பாத்தா வரும்போலத்தான் இருக்கு," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

வால்தேமாரின் கழுத்து சிவந்தது. "வானத்தைப் பாக்காதீங்கய்யா! சுவத்தைப் பாருங்க, சுவத்தை! தன் தப்பைத் தானே சொன்ன பொண்ணு இது. அப்பன் ஆடு கையை விட்டுப் போகும்னு தெரிஞ்சே சொன்ன பொண்ணு. இவ எழுதினதுல திருட்டு இருக்குமா? அனாஹி, கண்ணு, முதல் வரியில இருந்து மறுபடியும் சொல்லும்மா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

அனாஹி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரில் வரிகளைக் காட்ட ஒரு குச்சியைக் கையில் எடுத்தாள்.

"சொல்றேன் மாமா. ஆனா இந்தத் தடவை நடுவுல பேசக் கூடாது."

வால்தேமார் கையைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவருடைய ஆட்டுக்குட்டியை நெரியோ ஊருக்கெல்லாம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது அவர் கண்ணில் படவே இல்லை.